ஆயிரம் கோள்கள், ஒரே மேசை

அந்த ஆய்வுக்கூடம் எனக்கு மனப்பாடம். கதவு திறந்ததும் இடது பக்கம் கவிழ்ந்து கிடக்கிற நாற்காலி. அதைத் தாண்டிச் சுவரில் சாய்ந்தபடி உயிர் போன ஒரு விஞ்ஞானி. படியேறினால் வலது கை அறையில் ஒரு மேசை. மேசைமேல் பாதி வாக்கியத்தில் நின்றுபோன நாட்குறிப்பு. முதல்முறை அந்தக் குறிப்பைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. வெளியே பனி கொட்டுகிறது, மனித வாடையே இல்லாத கோள், அங்கே ஒருவர் கடைசி நிமிடத்தில் யாருக்கோ எழுதியிருக்கிறார். வீடியோ விளையாட்டுதான், ஆனாலும் அதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சில நாள் கழித்து வேறொரு நட்சத்திரம், வேறொரு கோள், பனிக்குப் பதில் செம்மண் புயல். தூரத்தில் ஒரு கட்டடம் தெரிந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் இடது பக்கம் நாற்காலி, சுவரில் அதே விஞ்ஞானி, மாடியில் அதே மேசை, அதே வாக்கியம், அதே இடத்தில் நின்றுபோயிருந்தது. அந்த இரண்டாவது ஆய்வுக்கூடம் முதலாவதையும் சேர்த்துப் பொய்யாக்கிவிட்டது. நான் யாருக்காக வருத்தப்பட்டேனோ அந்த மனிதர் இருந்ததே இல்லை என்று ஆகிவிட்டது.

விளையாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வகை விளையாட்டுகளில் பொழுதைச் செலவழிக்கிறவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். ஊகம் தவறினாலும் பாதகமில்லை, இந்த நோய் ஒரு விளையாட்டோடு நிற்பதில்லை. நான் காரைக்குடியில் கட்டட வரைபடம் வரைகிறவன். பகலில் செட்டிநாட்டு வீடுகளில் டேப்பைப் பிடித்து அளவெடுப்பது, இரவில் பள்ளிப் பாடம் முடித்துவிட்டு வரும் அக்கா மகனோடு விண்வெளி. இந்த விளையாட்டு வெளிவருவதற்கு முன்பே இருவரும் ஆளுக்கொரு கனவு கண்டு வைத்திருந்தோம். அவனுக்குத் தன் கையால் விண்கலம் கட்ட வேண்டும். எனக்கு யாரும் கால் வைக்காத இடத்தில் கால் வைக்க வேண்டும். அவன் கனவு பலித்தது. என் கனவைத்தான் அந்த நாற்காலி கவிழ்த்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள், நான் இன்னொரு கோளில் இறங்கி அதே சாயல் கட்டடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். அவன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: “மாமா, மேலே ஏறாதீர்கள். வலது அறை அலமாரியில் மருந்து இரண்டு, தோட்டா ஒரு பெட்டி. வேறு ஒன்றும் கிடையாது.” குரலில் கோபம்கூட இல்லை. பூட்டிய பெட்டி எதைக் கண்டாலும் திறந்து பார்க்காமல் தூங்கமாட்டான் என்று வீட்டில் பெயர் வாங்கியவன், ஒரு முழுக் கோளையே திறந்து பார்க்க வேண்டாம் என்கிறான். ஒரு சிறுவனிடமிருந்து அந்த ஆர்வத்தை உருவியெடுப்பது சாதாரண விஷயமில்லை. அன்றிலிருந்து இது என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் குறையைச் சொன்னால் இரண்டு பதில்கள் வருகின்றன. விண்வெளி என்றாலே வெறுமைதான், வெறுமையைக் காட்டியதற்காக விளையாட்டைக் குறை சொல்லலாமா என்பது முதல் பதில். இடங்கள் திரும்பத் திரும்ப வருவதுதான் சிக்கல், இன்னும் நூறு வகைக் கட்டடம் சேர்த்தால் சரியாகிவிடும் என்பது இரண்டாவது. இரண்டுமே நோயைத் தொடவில்லை என்பது என் எண்ணம்.

நிலவில் சலித்ததா?

முதல் பதிலைச் சொல்கிறவர்கள் உடனே அப்பல்லோவை இழுப்பார்கள். நிலவிலும் ஒன்றுமில்லைதானே, போனவர்களுக்குச் சலித்ததா என்று. சலிக்கவில்லை, உண்மை. ஏன் சலிக்கவில்லை என்பதைப் பார்த்தால் அந்த வாதம் அவர்களுக்கே எதிராகத் திரும்புகிறது. 1971 ஜூலை இறுதியில் அப்பல்லோ 15 விண்கலத்தில் டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் நிலவில் இறங்கினார்கள். நிலவில் வண்டி ஓட்டிய முதல் பயணம் அது. போவதற்கு முன் பாறைகளை ஆராயும் நிலவியல் அறிஞர்களோடு மலையும் பாலைவனமுமாக அலைந்து, ஒரு கல்லைப் பார்த்தால் அது அங்கே எப்படி வந்திருக்கும் என்று கேட்கப் பழகியிருந்தார்கள். முதல் நாள் வண்டியில் திரும்பிக்கொண்டிருக்கும்போது ஸ்காட்டின் கண்ணில் துளை துளையாக ஒரு கருங்கல் பட்டது. நேரம் இல்லை, ஹூஸ்டனில் இருந்த கட்டுப்பாட்டு மையத்திடம் கேட்டால் விடமாட்டார்கள். இருக்கைப் பட்டையைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி வண்டியை நிறுத்தினார். இர்வின் சுற்றியிருந்த பள்ளங்களை வர்ணித்துப் பேச்சை நீட்டிக்கொண்டிருக்க, ஸ்காட் இறங்கிக் கல்லை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கல்லுக்கு இன்றும் இருக்கைப் பட்டைக் கல் என்றுதான் பெயர்.

அடுத்த நாள் ஸ்பர் என்ற பள்ளத்தின் ஓரத்தில் வெளிறிய ஒரு கல்லைக் கண்டார்கள். 269 கிராம் எடை. பார்த்தவுடன் இருவருக்கும் புரிந்துவிட்டது. நிலவு உருகிய பாறைக் குழம்பாக இருந்த காலத்தில் மேலே மிதந்து உறைந்த முதல் ஓட்டின் துண்டு இப்படித்தான் இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லித்தரப்பட்டிருந்தது. வயது 400 கோடி ஆண்டுகளுக்கும் மேல் என்று பின்னால் கணக்கிட்டார்கள். ஆக, நிலவில் காற்று இல்லை, உயிர் இல்லை, வீடு இல்லை. ஆனால் அங்கே கிடக்கிற ஒவ்வொரு கல்லும் அங்கே கிடப்பதற்குக் காரணம் இருக்கிறது. எரிமலைக் குழம்பு ஓடியிருக்கும், விண்கல் விழுந்து சிதறடித்திருக்கும், சரிவில் உருண்டு வந்திருக்கும். காரணத்தைத் தேடத் தெரிந்தவனுக்கு அந்த வெறுமை முழுக்கப் பேச்சு. நான் விளையாடிய கோள்களில் ஒரு கல்லை எடுத்து ஏன் இங்கே என்று கேட்டால், கணினியின் கணக்கு அங்கே போடச் சொன்னது, போட்டோம் என்பதற்கு மேல் பதில் கிடையாது. வெறுமையாக இருப்பதை நான் மன்னிப்பேன். கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

எண்ணிக்கை மயக்கம்

கணினி தானே உலகங்களைக் கணக்குப் போட்டு உருவாக்குவது புதிய வித்தை அன்று. 1984-இல் கேம்பிரிட்ஜ் மாணவர்களாக இருந்த டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் எழுதிய ‘எலைட்’ என்ற விண்வெளி விளையாட்டு வெளிவந்தது. அது ஓடிய பிபிசி மைக்ரோ கணினியின் நினைவகம் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதற்குள் அடங்காது. அதற்குள் 8 பால்வெளிகள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள்; ஒவ்வொன்றுக்கும் பெயர், ஆட்சி, வியாபாரம். எதையும் எழுதி வைக்கவில்லை; ஒரு சில எண்களிலிருந்து அவ்வப்போது பிறப்பித்துக்கொண்டார்கள். இதில் எனக்குப் பிடித்த செய்தி, முதலில் அவர்கள் இதைவிடக் கற்பனைக்கு எட்டாத எண்ணிக்கையில் பால்வெளிகளைத் தர நினைத்திருந்தார்கள் என்பது. வெளியிட்டவர்கள்தான் வேண்டாம், எட்டு போதும் என்றார்கள். எண்ணிக்கை அளவு மீறினால் இது வெறும் கணக்கு என்ற குட்டு வெளிப்பட்டுவிடும் என்பது அவர்கள் அச்சம். கணினியின் கையிருப்பு கிலோபைட்டில் இருந்த காலத்திலேயே இந்தப் புத்தி ஒருவருக்கு இருந்திருக்கிறது.

பிறகு அந்தப் புத்தி எங்கேயோ தொலைந்துபோயிற்று. 2016-இல் வந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’ விளையாட்டு 2-இன் 64-ஆம் அடுக்கு எண்ணிக்கையில் கோள்கள் என்றது. நம் கணக்கில் 1.8 லட்சம் கோடி கோடிக்கும் மேல். அதை உருவாக்கியவர்கள் அடுத்த பல ஆண்டுகள் ஆட்டக்காரர்களிடம் மேற்கொண்டு காசு வாங்காமல் உழைத்து அந்த உலகத்தை நிரப்பினார்கள், அதற்காக அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் விளம்பரத்தில் எண்தான் முன்னால் நிற்கிறது. எத்தனை கோள் என்று கேட்கிறோம், எத்தனை என்று சொல்கிறார்கள். ஒரு கோளில் ஒரு மாலைப்பொழுது முழுக்க நம்மை நிறுத்தி வைக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

பந்திக் கூடம்

இப்போது இரண்டாவது பதிலுக்கு வருகிறேன். திரும்ப வருவதுதான் நோய் என்றால், நான் என் தொழிலை என்றோ விட்டு ஓடியிருக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளைப் போலத் திரும்பத் திரும்ப வருகிற கட்டடங்கள் வேறெங்கே இருக்கின்றன? கானாடுகாத்தானாகட்டும், பள்ளத்தூராகட்டும், கோட்டையூர், தேவகோட்டை எதுவாகட்டும், முகப்பு, முற்றத்தோடு கூடிய வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடிகிற அதே வரிசை. அதே பர்மாத் தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த அதே சுண்ணாம்புப் பூச்சு, காலடியில் அதே ஆத்தங்குடிக் கல். ஒரு வீட்டு வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த ஊர் வீட்டுக்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்துவிடலாம். இருந்தும் ஒரு வீட்டுக் கதவு திறக்கும்போது இன்றைக்கும் எனக்குள் ஒரு பரபரப்பு எழுகிறது. ஏன் என்பதற்கு என்னிடம் விடை இல்லாமல்தான் இருந்தது. அக்கா மகன்தான் அதைக் காட்டிக்கொடுத்தான்.

பள்ளி விடுமுறையில் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க அவனை ஒரு வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தேன். பெரிய வீடு, பல பங்காளிகளுக்கு உரியது. ஒரு பக்கத்தில் ஆச்சி ஒருவர் மட்டும் இருக்கிறார். இரண்டாம் கட்டில் பந்தி நடக்கும் நீண்ட கூடத்தை அளந்துகொண்டிருந்தோம். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவன் குறித்துக்கொண்டு வந்தான். சுவரோரம் குனிந்தவன் நிமிரவே இல்லை. “மாமா, இந்தத் தரைக்கு மூன்று பக்கம்தான் கரை இருக்கிறது” என்றான்.

ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுவில் பூக்கல், சுற்றிலும் நான்கு பக்கமும் கரைக்கல். இங்கே மூன்று பக்கம் பச்சையும் காவியுமாகக் கரை ஒழுங்காக ஓடுகிறது. நான்காவது பக்கத்தில் பூக்கல் நேராகப் போய்ச் சுவரில் முட்டுகிறது. ஒரு பூ பாதியோடு நிற்கிறது, மீதி இதழ்கள் சுவருக்கு அடியில். அவன் அந்தப் பாதிப் பூவின்மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்து, “தரை முதலில் வந்திருக்கிறது, சுவர் பிறகு வந்திருக்கிறது” என்றான். சொல்லிவிட்டு ஓட்டமாக ஓடினான். வளவைச் சுற்றி, பக்கத்து நடை வழியாக, சுவரின் மறுபக்கத்துக்கு. அங்கிருந்து அவன் குரல் கேட்டது: “மாமா, நான்காவது கரை இங்கே இருக்கிறது!”

நானும் போய்ப் பார்த்தேன். அதே அச்சு, அதே கரை, அதே நாளில் பதித்திருக்க வேண்டிய தரை. ஆனால் இரண்டும் ஒன்றாக இல்லை. இந்தப் பக்கம் கால் நடந்து நடந்து முகம் தெரிகிற அளவுக்கு மெருகு. அந்தப் பக்கம் விறகும் மூட்டைகளும் கிடந்து, நிறம் மங்கி, மூலையில் ஒரு கல் அமுங்கியிருந்தது. சுவரை அளந்தேன். வீட்டின் மற்றச் சுவர்கள் ஒன்றரை அடிக்குக் குறையாது. இது பூச்சோடு சேர்த்து அரையடிகூட வரவில்லை. அவன் நேராக ஆச்சியிடம் போய்க் கேட்டான். “ஆமாம் தம்பி, பங்கு பிரித்தபோது வைத்த சுவர்” என்றார். “அந்தப் பக்கம் கொழுந்தனார் பங்கு. அதற்கு முன்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே பந்திதான்.” எதற்காகப் பிரித்தார்கள் என்று அவன் கேட்டான். ஆச்சி சிரித்துக்கொண்டு காப்பி குடிக்கிறாயா என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி அங்கேயே நின்றது.

அந்த நாள் முழுக்க அவன் வீட்டைக் குடைந்துகொண்டே இருந்தான். உத்தரத்தில் இரண்டு இரும்புக் கொக்கி தனியாக இருக்கிறதே, அங்கே ஊஞ்சல் இருந்ததா? இந்தக் கதவின் தாழ்ப்பாள் ஏன் வெளிப்பக்கம்? ஓர் அறையின் வாசற்படி மட்டும் ஏன் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது? என்னால் சிலவற்றுக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. விளையாட்டில் கதவையே திறக்க மறுத்தவன் இவன்தானா என்று நினைத்துக்கொண்டே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆத்தங்குடியில் கல் செய்வதையும் அவனுக்குக் காட்டினேன். கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சைப் பதமாகத் தூக்குகிறார்கள். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும், அதற்குமேல் ஈரக் கலவை. காய வைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டால் கண்ணாடி விட்டுவிடுகிறது, கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. எல்லாம் ஒரே அச்சு. கையால் ஊற்றுவதால் கோடு ஒவ்வொன்றிலும் சற்றே நெளிகிறது, அது ஓர் அழகு. ஆனால் நான் சொல்லவருவது அந்த நெளிவைப் பற்றி அன்று. அச்சு ஒன்றாகவே இருக்கட்டும், நெளிவே இல்லாமல் இயந்திரத்தில் வார்த்ததாகவே இருக்கட்டும். பதித்த பிறகு அதன்மேல் என்ன நடந்தது என்பது அந்தக் கல்லில் ஏறியிருக்கிறது. விளையாட்டில் ஆய்வுக்கூடம் திரும்ப வந்ததற்காக எனக்குக் கோபமில்லை. பனிக் கோளிலும் புழுதிக் கோளிலும் ஒரே கட்டடத்தை ஒரே நிறுவனம் கட்டியிருக்கலாம், அது நடக்கக்கூடியதுதான். பனிக் கோளில் வைத்த கட்டடத்தில் பனி ஒன்றுமே செய்யவில்லை, புழுதிக் கோளில் வைத்ததில் புழுதி ஒன்றுமே செய்யவில்லை என்பதுதான் என் புகார்.

வண்டியும் குறியும்

இதைச் சரிசெய்ய என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், நடக்கிற தூரம் அதிகம் என்று ஆட்டக்காரர்கள் சொன்னதும் ஓட்டிப்போக வண்டி தருகிறார்கள். சலிப்பை வேகமாகக் கடக்க ஒரு வசதி. கலம் தரை தொடுவதற்கு முன்பே திரையில் குறிகள் முளைத்துவிடுகின்றன: சுரங்கம், 800 மீட்டர், குகை, 1,200 மீட்டர், கைவிடப்பட்ட நிலையம், அதற்கப்பால். இது எனக்கு வண்டியைவிடப் பெரிய குறையாகப் படுகிறது. பந்திக் கூடத்தில் அந்தப் பாதிப் பூவின்மேல் ‘இங்கே பார்’ என்று ஒரு வெளிச்சக் குறி மின்னியிருந்தால், அக்கா மகன் ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்த குறிக்குப் போயிருப்பான். அவனாகக் குனிந்தான், அவனாகக் கண்டான், அதனால்தான் ஓடினான்.

உண்மையான வீட்டையும் விளையாட்டையும் ஒப்பிடுவது நியாயமா, நூறாண்டு வாழ்ந்த வீட்டோடு கணினி எப்படிப் போட்டி போடும் என்று கேட்கலாம். விளையாட்டுக்குள்ளேயே இது முடியும் என்று 2019-இல் வந்த, மோபியஸ் டிஜிட்டல் உருவாக்கிய ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ காட்டிவிட்டது. ஒரே ஒரு சூரியன், விரல்விட்டு எண்ணக்கூடிய கோள்கள், ஒவ்வொன்றும் ஒரு குன்று அளவுதான். அதில் ஒன்றையொன்று சுற்றும் இரட்டைக் கோள்கள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மணல் ஓயாமல் கொட்டிக்கொண்டே இருக்கும். முதலில் போனால் திறந்திருக்கிற குகை, தாமதித்துப் போனால் மணலில் மூடியிருக்கும். மறுகோளில் மணல் வடிந்து, புதைந்திருந்த கோபுரம் தலைகாட்டும். எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஆட்டக்காரர்தான் கண்டுபிடிக்க வேண்டும். சேர்த்துவைக்கத் துப்பாக்கி கிடையாது, பணம் கிடையாது. தெரிந்துகொண்டது மட்டும்தான் கையில் மிஞ்சும். கலத்தில் ஒரு பதிவேடு இருக்கிறது, நாம் பார்த்ததை மட்டும் அது குறித்துக்கொள்ளும். இன்னும் ஆடாதவர்களுக்காக மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் விடுகிறேன். அக்கா மகன் அதை ஆடும்போது பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்கிறான், அம்புக்குறி போட்டு எதையெதையோ இணைக்கிறான், என்னைப் பார்க்க விடுவதில்லை.

அவன் என் கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். பழைய விளையாட்டை அவன் இன்னும் கைவிடவில்லை. கலம் கட்டுவதும் சண்டை போடுவதும் அதில் நன்றாகத்தான் இருக்கின்றன, கோளில் இறங்கினால்தானே சிக்கல், இறங்காவிட்டால் போயிற்று என்கிறான். எனக்கு அதில் சமாதானம் இல்லை. இறங்குவதற்காகத்தானே அத்தனை தூரம் போகிறோம்?

இப்போது புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி ஒவ்வொரு கோளிலும் வேறு வேறு கதை, வேறு வேறு குறிப்பு, எதுவும் இரண்டாம் முறை வராது என்கிறார்கள். வரட்டும். ஆனால் குறிப்புகள் மட்டும் மாறி, அந்தக் கோளின் காற்றும் மண்ணும் அங்கே இருந்தவர்களை ஒன்றும் செய்யாமல் இருந்தால், இப்போது இருக்கிற இடத்தில்தான் நிற்போம். நான் மழைக்கு ஏங்குகிற சீமையில் வளர்ந்தவன். கூரைத் தண்ணீரை வளவில் அண்டா வைத்துப் பிடித்து, மிஞ்சியதை ஊருணிக்கு அனுப்பக் கணக்குப் போட்டுக் கட்டிய வீடுகள் இவை. எந்தப் புது ஊருக்குப் போனாலும் நாங்கள் முதலில் கேட்கிற கேள்வி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான். சொட்டுத் தண்ணீர் இல்லாத கோளில் நாற்பது பேர் வேலை செய்த சுரங்கம் என்று காட்டுகிறீர்கள். அவர்கள் எதைக் குடித்தார்கள்? ஒரு பனிப்பாறையிலிருந்து குழாய் போட்டிருக்கட்டும். அந்தக் குழாய் எங்கோ ஓரிடத்தில் வெடித்திருக்கட்டும். வெடித்ததால் செடி வளர்த்த கூடம் காய்ந்து, ஆட்கள் மலைக்கு அந்தப் பக்கம் குடிபெயர்ந்திருக்கட்டும். எதற்கும் குறி போட வேண்டாம், தூரம் காட்ட வேண்டாம், வண்டியும் வேண்டாம். தரையில் குழாய் ஒரு முழம் வெளியே தெரிந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு நாங்களே நடந்து வருகிறோம்.